விரல் விரலாய்த் திறந்த கதவு

மெத்தைக்கடைக்காரர் பிறந்த நாள்முதல் யாரிடமும் எதையும் கேட்டவரல்ல. பிறந்தவுடன் பாலுக்குக்கூட அழவில்லை. கொடுத்தால் குடிக்கலாம் என்று பேசாமல் படுத்திருந்ததாகப் பிரசவம் பார்த்த நர்ஸே சாட்சி சொல்லியிருக்கிறார். இந்தத் தகவலை அவர் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வார்; யாரும் கேட்காமலே சொல்வார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனிடம் ரப்பர் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்டதில்லை. பெண் வீட்டார் தாங்களாகவே வந்து, ஒரு மணிநேரம் தாங்களாகவே பேசி, அவர் எழுந்து போகாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார்கள். கடையில் வாடிக்கையாளரிடம் "என்ன வேணும்" என்ற வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வராது. வந்தவர்கள் மெத்தைமேல் படுத்துப் புரண்டு, சிலர் ஒரு தூக்கம் போட்டெழுந்து, விலைச்சீட்டைப் பார்த்துப் பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு மெத்தையைத் தாங்களே தூக்கிக்கொண்டு போவார்கள். ஊர் அவருக்குத் 'தன்மானம்' என்று பெயர் வைத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் அது காதில் விழுந்தபோது, இத்தனை காலம் கழித்தாவது புரிந்துகொண்டார்களே என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அவருடைய ஒரே தங்கை ஒரு மிஷனரியைக் கட்டிக்கொண்டாள். மிஷனரி என்றால் மலை தாண்டி, கடல் தாண்டிப் போய் ஊழியம் செய்கிறவர் என்று வெளியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கடைசி அத்தியாயம். அதற்கு முன்னால் ஆதரவு திரட்டுதல் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பலருக்கு வாழ்க்கை அதோடு முடிந்துவிடும். அனுப்புகிற சங்கம் வாழ்த்தி அனுப்பும், சம்பளம் தராது. மாதாமாதம் தாங்குகிறோம் என்று வாக்குக் கொடுக்கும் குடும்பங்களைத் தம்பதியர்தான் வீடு வீடாக ஏறிச் சேர்க்கவேண்டும். முழு ஆதரவும் சேர்ந்தால்தான் பயணம். ஆகவே கல்யாணமான மறுவாரமே இருவரும் ஒரு பழைய லேப்டாப்பில் பனிமலைப் படங்களை ஏற்றிக்கொண்டு, அடுத்தவர்களின் சோபா நுனிகளில் இல்லறத்தைத் தொடங்கினார்கள். அவள் நர்ஸ், அவர் பள்ளி ஆசிரியராக இருந்து வேலையை விட்டவர். போகவேண்டிய இடம் எங்கோ ஒரு மலைக்கிராமம்.

அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் சாமான் அறை ஒன்று இருந்தது. அதன் கதவு குடிவந்த நாள்முதல் திறக்கவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரரும் அவர் மனைவியும் முதல் குடும்பமாகச் சரி என்று சொன்ன அன்று அது தானாக ஒரு விரல் அகலம் திறந்தது. இடுக்கு வழியாகச் சில்லென்று காற்று வந்தது. எட்டிப் பார்த்தால் கல்வீடுகள், சரிவில் ஆடுகள், ஒரு கிழவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். லேப்டாப்பில் இருந்த அதே மலைக்கிராமம். "போய்ச் சேர்ந்துட்டோம் போலிருக்கே" என்றாள் அவள். "ஒரு விரல்தான் போயிருக்கோம்" என்றார் அவர். இரண்டு வாரம் கழித்து மருந்துக்கடைக் குடும்பம் சம்மதித்தது; இன்னொரு விரல் திறந்தது. அதன்பிறகு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு விரல். வீட்டு உரிமையாளர்கூட வந்து பார்த்து, இவ்வளவு குளிர்ச்சி வருகிறதென்றால் வாடகையை உயர்த்துவதுதான் நியாயம் என்று சொன்னதோடு சரி.

கதவு கையளவு திறந்ததும் தம்பதியர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கிராமத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இடுக்குக்கு வந்து வாயைத் திறக்கச் சொல்வார்கள். அவள் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து மருந்து நீட்டுவாள். அவர் இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விறகு பிளக்கும் கிழவரிடம் அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டார். சங்கத்து அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். கதவைப் பார்த்தார், மூக்கைச் சிந்தினார், மப்ளரை இறுக்கிக்கொண்டார். "எல்லாம் சரி பிரதர், ஆனா நீங்க இன்னும் போகலையே. போகாம செய்யறதை நாங்க ஊழியம்னு சொல்ல முடியாது. முதல்ல ஆதரவை முடிங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆதரவு முடிகிற வழியாக இல்லை. போன வீடுகளில் பாதி "ஜெபிச்சுட்டுச் சொல்றோம்" என்றன. அதற்கு என்ன அர்த்தம் என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும், ஜெபம் போய்ச் சேருகிற இடத்திலும் தெரிந்திருக்கவேண்டும். ஒரு வீட்டில் பனிமலைப் படங்களை இரண்டு தடவை ரசித்துப் பார்த்துவிட்டு, தாங்கள் சுற்றுலா போய்வந்த படங்களை மூன்று மணிநேரம் காட்டினார்கள். இன்னொரு வீட்டுக்காரர் தனக்கும் சின்ன வயதில் இந்த அழைப்பு வந்ததென்றும், அப்போது வீட்டில் ஆள் இல்லையென்றும் சொன்னார்.

மெத்தைக்கடைக்காரர் ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்கு வருவார். வந்து, கதவுக்கு முதுகு காட்டி உட்காருவார்.

"என்ன மாப்ள, இன்னைக்கு யார் வீட்டு டீ?"

"ரெண்டு வீடு மச்சான். ஒண்ணுல காப்பி."

"நல்லாருக்குய்யா. படிச்ச மனுஷன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வீடு வீடா பிஸ்கட் சாப்பிடப் போறீங்க. எங்க பரம்பரையில ஒருத்தன் ஒருத்தன்கிட்ட ஒரு தீப்பெட்டி கேட்டிருப்பானா?"

"பரம்பரையை விடுண்ணே" என்று தங்கை உள்ளிருந்து சொல்வாள். "உனக்கு வேணுங்கறதையெல்லாம் அண்ணிதான் நாலு பேர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்து வைக்கிறாங்க. நீ பாட்டுக்குத் தலையை நிமித்திக்கிட்டுத் திரியற."

ஆனாலும் கருமி என்று அவரை யாரும் சொல்லமுடியாது. கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததே இல்லை. கொடுக்கிறபோது கை மேலே இருக்கிறதல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த அசிங்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கிறேன் என்று முழு ஆதரவையும் தானே ஏற்றுக்கொண்டார். கதவு ஒரு விரல் திறந்தது. தபால்காரருக்குத் திறந்த அதே ஒரு விரல். சங்கத்துக்கும் கணக்கு பணமல்ல, வீடுகள்தான். அவர் முகம் சுருங்கிவிட்டது. கடை ஊழியர்கள் பெயரில் கொடுத்தார், மகன்கள் பெயரில் கொடுத்தார், காலமான தகப்பனார் பெயரிலும் கொடுத்துப் பார்த்தார், கதவு அசையவில்லை. தச்சரைக் கூட்டிவந்து கதவைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் உள்ளே உரிமையாளரின் உடைந்த நாற்காலியும் ஒரு பெயின்ட் டப்பாவும்தான் இருந்தன. மாட்டினால் மறுபடி மலை. "கதவுல கோளாறு இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத் தச்சர் போனார். அதற்குப் பிறகு மெத்தைக்கடைக்காரர் இடுக்குப் பக்கம் பார்ப்பதையும் ஞாயிறுதோறும் வருவதையும் விட்டுவிட்டார்.

உண்மையான சிக்கல் வேறெங்கோ வளர்ந்துகொண்டிருந்தது. சரியாகச் சொன்னால், மிஷனரியின் இடுப்பில். கல்யாணத்தின்போது பென்சில்போல இருந்த மனிதர். போகிற வீடெல்லாம் டீ, பிஸ்கட், கேக். மறுக்கக்கூடாது. ஒரே ஒரு தடவை மருந்துக்கடை வீட்டில் "வயிறு சரியில்ல" என்று கேக்கை ஒதுக்கினார். அவர்கள் மனம் புண்பட்டு, கதவு ஒரு விரல் சாத்திக்கொண்டது. அன்றுமுதல் தட்டில் வைத்ததைத் துடைத்துச் சாப்பிட்டார். அவள் தன் பங்கைக் கைப்பையில் மறைத்துக் கொண்டுவந்து, இடுக்கு வழியாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். ஆகவே பிள்ளைகள் கொழுத்தார்கள், அவள் அப்படியே இருந்தாள். அவர் மட்டும் கதவோடு போட்டி போட்டு அகன்றார். கதவு முந்திவிட்டது என்று ஒரு வாரம் நம்பிக்கை வரும். மறுவாரம் யாராவது பிறந்தநாள் கொண்டாடியிருப்பார்கள். போதாததற்கு அவருடைய உருவத்தைப் பார்த்து, "ஊழியக்காரர் நல்லாத்தானே இருக்காரு, நாம கஷ்டப்படுற யாருக்காவது கொடுக்கலாமே" என்று சில குடும்பங்கள் விலகிக்கொண்டன. இப்படி ஆறு வருடம் போயிற்று. கட்டி வைத்த பெட்டிகளுக்குள் சட்டைகள் அவருக்குப் பொருந்தாமல் பத்திரமாக இருந்தன.

ஆறாம் வருடம் ஒரு மத்தியானம் இடுக்கின் அந்தப் பக்கம் ஒரு பெண் அலறினாள். பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. தங்கை பையை எடுத்தாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள், பக்கவாட்டில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். இத்தனை காலமும் அவளால் போயிருக்க முடியும் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. சேர்ந்தே போவது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அதனால் முயன்று பார்க்கவில்லை. குழந்தை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். அடுத்த ஞாயிறு அவர்களுடைய சபை ஏசி வைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வெயிலில் ஆராதனை கஷ்டமாக இருக்கிறது என்று ஏழெட்டுக் குடும்பங்கள் தங்கள் வாக்கை அதற்கு மாற்றிக்கொண்டன. கதவு ஒரு சாணாகக் குறுகியது. அவள் அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

மிஷனரி நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். அவள் வேலை முடிந்து வந்து அந்தப் பக்கம் ஒரு கல்லின்மேல் உட்காருவாள். கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். அவர் ஆதரவு கேட்கப் போனால் சாப்பிட்டாகவேண்டும், சாப்பிட்டால் இன்னும் அகலம். போகாவிட்டால், கேட்க ஆள் வராத வீடுகள் ஒவ்வொன்றாக வாக்கை மறந்துவிடும். அவர் பட்டினி கிடந்துகூடப் பார்த்தார். அவர் ஒரு விரல் இளைத்தால் கதவு இரண்டு விரல் சாத்திக்கொண்டது. சில வாரங்களில் உள்ளங்கை போகவில்லை. அப்புறம் விரல்கள் மட்டும் தொட்டுக்கொண்டன.

மெத்தைக்கடைக்காரர் செய்தி தெரிந்து ஓடிவந்தார். பல வருடத்துக்குப் பிறகு இடுக்கில் குனிந்து பார்த்தார். தங்கையின் ஒரு கண்ணும் கொஞ்சம் மூக்கும் தெரிந்தன.

"வெளிய வாம்மா. அண்ணன் இழுக்கிறேன்."

"என்னை எதுக்குண்ணே இழுக்கற? எனக்கு இங்க வேலை கிடக்கு. அவரைத் தள்ளு."

அவர் மிஷனரியின் முதுகில் தோள் கொடுத்துத் தள்ளினார். ஒரு சட்டைப் பொத்தான் மட்டும் தெறித்து அந்தப் பக்கம் போனது. அதை ஓர் ஆடு தின்றது.

"வீடு வேணும்ணே. புது வீடுங்க, நிறைய. அவர் போனா கதை நடக்காது. நீ போய்க் கேளேன்."

"நானா? யாரு, நானா? கடையை வேணா வித்துத் தர்றேன்மா—"

"கடையை வச்சு நான் என்ன பண்ண? மெத்தை போட்டுப் படுக்கவா?" பிறகு, சிரிப்பில்லாத குரலில், "போன மாசம்வரைக்கும் இந்த இடுக்குல கை நுழைஞ்சுதுண்ணே, இப்ப விரல்தான்" என்றாள்.

பனிக்காற்றில் மிஷனரியின் மூக்கு சிவந்திருந்தது. வேறு காரணமும் இருக்கலாம். மெத்தைக்கடைக்காரர் அறையில் இங்கும் அங்கும் நடந்தார். ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். கடைசியில் மேசைமேல் இருந்த பழைய லேப்டாப்பைக் கையில் எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், "இதுல சார்ஜ் இருக்கா?" என்றார். இதைக் கேட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று பின்னால் ஊரில் இரண்டு கட்சி உண்டாயிற்று.

அன்று சாயங்காலமே அவர் பள்ளி வேன் ஓட்டுநரின் வீட்டில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் கிடந்த மெத்தை அவர் கடையில் வாங்கியதுதான்; அவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும், ஆகவே அவர் வந்திருப்பதை நம்பமுடியாமல் ஒருவரையொருவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது, கேக் வந்தது. அவர் முழுவதையும் சாப்பிட்டார். பனிமலையைக் காட்டினார், கல்வீடுகளைக் காட்டினார், சாமான் அறையைப் பற்றியும் சொன்னார். கதவு எப்படி அப்படித் திறக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை. "அங்க ரொம்பக் குளிருங்களா?" என்று மட்டும் ஓட்டுநரின் மனைவி கேட்டார். குளிரும் என்றார். அதற்குப் பிறகு சொல்லவேண்டிய வாக்கியம் வரவில்லை. மின்விசிறி சுற்றியது. மகள் பக்கத்து அறையில் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஓட்டுநருக்கே பாவமாகிவிட்டது, அவராக அடியெடுத்துக்கொடுத்தார்.

"சரி சார். ஜெபிச்சுட்டுச் சொல்றோம்."

மெத்தைக்கடைக்காரர் எழுந்திருக்கவில்லை.

"ஜெபம் பண்ணுங்க" என்றார். "ஆனா என் தங்கச்சி அந்தப் பக்கம் நிக்கிறா. இப்போதைக்கு ஒரு கண்ணுதான் தெரியுது. அதனால..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேக்கறேங்க. உங்களால முடிஞ்சதை மாசாமாசம் கொடுங்க."

ஓட்டுநர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி கேக் தட்டை விருந்தாளியின் பக்கம் நகர்த்தினார். மெத்தைக்கடைக்காரர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, அடுத்த படத்தைக் காட்டினார்.