கன்னத்தில் எறும்பு

வாசலில் மாடு கத்திய கத்தலில், கிளினிக் பெஞ்சில் கண்ணயர்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் ஜெரினா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். காரைக்குடியின் அந்தக் குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு 'குட்டி யானை' என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று. அதன்மேல் செக்கச்செவேலென்று ஒரு காளை. பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஒரு பெரியவர்.

"எங்க செவலைதான் டாக்டரம்மா," என்றான் நாற்காலியில் சாய்ந்திருந்த பாண்டீஸ்வரன். "அங்குட்டு நிக்கிறது எங்க அப்பா."

"மாட்டுக்கும் சேத்து டோக்கன் போட்டீகளா?"

அவன் சிரிக்கவில்லை. அவன் மனைவி மஹாலட்சுமிதான் விளக்கினாள். "இவுகளுக்கு மூஞ்சியில உணர்ச்சி திரும்பிருச்சுன்னு நீங்க சொன்னா வண்டி எங்க ஊரு அமராவதிபுதூருக்கே திரும்பிரும். இல்லைன்னா நேரா சந்தைக்கு. மாமா முடிவு பண்ணிட்டாக."

பொங்கல் மஞ்சுவிரட்டுக்குப் புறப்படும்போது நடந்தது அது. பாண்டீஸ்வரன் கொம்பில் துண்டு கட்ட, ஈயை விரட்டத் தலையைச் சிலுப்பியது செவலை. அவனுடைய இடது கன்ன எலும்பு உடைந்தது. ஜெரினாதான் தகடு வைத்துச் சேர்த்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கண்ணுக்குக் கீழே எலும்பின் துளை வழியாக இறங்கும் நரம்பு நசுங்கியிருந்ததால், கன்னமும் மூக்கோரமும் மேலுதடும் மரத்துக் கிடந்தன. போன முறை அந்த எல்லையைப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்து வைத்திருந்தாள்.

"கண்ணை மூடிக்கங்க. தொட்டா 'ம்' சொல்லுங்க."

இந்தச் சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கொஞ்சம் பஞ்சு, ஒரு பக்கம் மழுங்கலும் மறுபக்கம் கூருமாக ஒரு குச்சி, பொய் சொல்லாத நோயாளி. மூன்றாவதற்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு.

நல்ல பக்கமான வலக்கன்னத்தில் ஆரம்பித்தாள். "ம்." இடக்கன்னத்துக்கு வந்தாள். "ம்." மூக்கோரம். "ம்." மேலுதடு. "ம்."

ஒன்றுகூடத் தப்பவில்லை. மேலுதட்டில் மீசையோரம் சவரக் கத்தி கீறிய புதுக் காயம் இருந்தது. அதைக்கூட உணராதவனுக்குப் பஞ்சு எப்படித் தெரிந்தது?

ஜெரினா பஞ்சைக் கன்னத்தருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள். பின்னால் 'கிலுக்'கென்று ஒரு வளையல் சத்தம்.

"ம்," என்றான் பாண்டீஸ்வரன்.

ஜெரினா திரும்பாமலே சொன்னாள். "மஹாலட்சுமி, இந்த டிரேயை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க. தண்ணி இருக்கு, சிந்திறாம."

இப்போது கன்னத்தைத் தொட்டாள். அவன் பேசவில்லை. மூக்கோரம் தொட்டாள். அப்போதும் பேசவில்லை. டிரேயில் தண்ணீர் ததும்பியது.

"காளை இடிச்சு உடைஞ்சது உங்க வீட்டுக்காரர் மூஞ்சி. நீங்களே அதுக்கு வக்காலத்தா?"

"பொறந்த வீட்டுலருந்து என்கூட வந்தது டாக்டரம்மா. வந்தப்ப என் இடுப்பு உசரம்கூட இல்ல." அவள் குரல் இறங்கியது. "எப்படியாவது நல்லாயிருச்சுன்னு சொல்லிருங்க."

"பொய் சொல்ல மாட்டேன். பாண்டீஸ்வரன், வேற ஏதாவது இருக்கா? மறைக்காமச் சொல்லுங்க."

அவன் தயங்கினான். "கொஞ்ச நாளா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ராத்திரியில சுள்ளுன்னு குத்துது. முத்திப்போச்சுன்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லல."

ஜெரினா அவன் கண்ணுக்குக் கீழே விரல் நுனியால் மெல்லத் தட்டினாள். அவன் துள்ளினான். "உதடு வரைக்கும் ஓடுது."

அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குச்சியைக் கன்னத்தின் மேற்பகுதியில் வைத்தாள்; பஞ்சின் தொடுகைக்கு முன்பே குத்தல் உணர்வு திரும்பிவிடும். "கூரா, மழுங்கலா?"

"கூரு." மறுமுனையை வைத்தாள். "மழுங்கல்."

மாற்றி மாற்றி வைத்தாலும் சரியாகவே சொன்னான். புதிய எல்லையைக் கோடு போட்டு, பழைய படத்தோடு ஒட்டிக் காட்டினாள். மரத்த இடம் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"கூறுகெட்ட ஆளுய்யா நீங்க. நல்ல சேதியை மறைச்சு வச்சுக்கிட்டு, வளையலை வச்சுப் பொய் சாட்சி சொல்ல வந்தீகளா? அந்த எறும்பு, நரம்பு உயிர் பிடிச்சு வர்றதுக்கு அடையாளம். மெதுவாத்தான் வரும். ஆனா வருது."

மஹாலட்சுமி டிரேயை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். பெரியவர் இருளாண்டியைக் கையோடு கூட்டி வந்தாள். ஜெரினா படங்களைக் காட்டி, முழுதாகக் குணமாக இன்னும் சில மாதம் ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அதான் வருதுங்கிறாகள்ல மாமா," என்று கெஞ்சினாள் மஹாலட்சுமி. "செவலையைச் சந்தைக்கு ஓட்டாதீக."

இருளாண்டி மகனைப் பார்க்காமல் டாக்டரிடம் சொன்னார்: "மாட்டாஸ்பத்திரியில ஊசி போடத்தான் வண்டியில ஏத்தினேன் டாக்டரம்மா, சந்தைன்னு சொல்லாட்டி இந்தப் பய உங்க வாசப்படிய மிதிச்சிருப்பானா?"