ஸ்டிக்கருக்குக் கீழே இரண்டு ரிப்பன்

1

இந்தக் கதை ஓர் ஏலக்காய்ப் பாக்கெட்டைச் சுரண்டியதில் பிறந்தது. போடி பஸ் ஸ்டாண்டில் மதுரைப் பஸ்சுக்குக் காத்திருந்தபோது வாங்கிய பாக்கெட். முன்பக்கம் வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர். நடுவில் மெல்லிய கோட்டில் ஒற்றை ஏலக்காய், அடியில் சின்ன எழுத்தில் பெயர். பட்டணத்துக் கடைகளில் கண்ணாடிக்குள் வைத்து விற்கிற சாமான் மாதிரி அத்தனை சுத்தம். ஆனால் ஸ்டிக்கர் அரை இஞ்சு குட்டை. அதன் விளிம்புக்குக் கீழே இரண்டு சிவப்பு ரிப்பன் நுனிகள் எட்டிப் பார்த்தன. அடியில் பழைய லேபிள் இருக்கிறது, அதில் சடை போட்ட யாரோ இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. எனக்குக் கை சும்மா இருக்காது. உசிலம்பட்டி வருவதற்குள் நகத்தாலேயே உரித்துவிட்டேன்.

எட்டு வயதுச் சிறுமி. முன்னால் விட்ட ரெட்டைச் சடை, கையில் ஏலக்காய்க் கொத்து. பின்னால் மலை, மலைக்குப் பின்னால் கதிர் வீசும் மஞ்சள் சூரியன். எழுத்துக்கு ஒரு நிழல், அந்த நிழலுக்கும் ஒரு நிழல். சிறுமி வாயெல்லாம் சிரிக்கிறாள். முன்பல் இரண்டையும் காணோம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. ராமர் என்று எவனும் இல்லை, பவதாரணி என்று எவளும் இல்லை. இப்போதே சொல்லிவிட்டேன், பின்னால் வயிறெரிந்து என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

2

முதல் தொடக்கம்: “மலையிலிருந்து இறங்கிய மேகம் போடி ஊரின் மேல் ஏலக்காய் மணத்தை —”

அடச்சே. போடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே மணக்க ஆரம்பித்துவிடுகிறது. அடித்தாயிற்று.

இரண்டாவது தொடக்கம்: “பவதாரணி கெட்டவள் இல்லை.”

இப்படி ஆரம்பித்தால் அவள் கெட்டவள்தான் என்று நீங்கள் இந்த வரியிலேயே முடிவு கட்டிவிடுவீர்கள். இதுவும் வேண்டாம்.

மூன்றாவது: சிலமலைக்காரி பவதாரணி, போடியில் ஒரு கல்லூரியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அம்மா ஈஸ்வரி ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவள். அப்பா இல்லை. அண்ணன் ராமர் போடியில் சின்னதாக டிசைன் கடை வைத்திருக்கிறான். கல்யாண ஃப்ளெக்ஸ், காதுகுத்து ஃப்ளெக்ஸ், ஜீப்புக் கண்ணாடிக்கு ஸ்டிக்கர், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். இவையெல்லாம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நிலையான வாடிக்கை ஒருவர்தான், ஏலக்காய் வியாபாரி மகாராஜன். பாக்கெட், பை, காலண்டர், திருவிழா வாழ்த்து என்று வருஷம் முழுக்க அவர் சோலி இருக்கும். கடை வாடகையும் தங்கச்சி படிப்பும் அதில்தான் ஓடுகின்றன. “நீ படிச்சிட்டு வாத்தா, கடை போர்டுல ஒம் பேரையும் சேத்துப் போட்டுருவோம்” என்று சொல்லித்தான் ராமர் அவளை அந்தப் படிப்பில் சேர்த்துவிட்டான்.

வறட்டுத் தொடக்கம்தான். மூன்றில் பொய் குறைவானது இது என்பதால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கல்லூரியில் மாணவர்களே நடத்துகிற ஸ்டூடியோ ஒன்று உண்டு. நிஜமான வாடிக்கையாளரைப் பிடிப்பது, பேசுவது, வரைவது, கரெக்‌ஷன் வாங்கித் திருத்துவது எல்லாம் பிள்ளைகளே. வாத்தியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பாடத்தில் சேர்ந்தது என்பதால் காசு வாங்குவதில்லை.*

*(படிக்கிற பிள்ளைகள் ஓசியில் செய்து பழகுவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் முதலில் நினைத்தேன். பஜாரில் கடை வைத்திருப்பவனைக் கேளுங்கள்.)

ஸ்டூடியோவுக்குத் தலைவன் அவள் வகுப்பு சூர்யபிரகாஷ். இவனை வில்லனாக்கிவிட்டால் என் வேலை சுலபம். முயன்று பார்த்தேன், பயல் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறான். எல்லோருக்கும் டீ வாங்கித் தருகிறான், மற்றவர்களின் பிழையைத் தன் பிழை என்று வாத்தியாரிடம் சொல்கிறான்.

ஸ்டூடியோவில் ஒரு சுவருக்கு ‘ஐயோ சுவர்’ என்று பெயர். ஊரில் கண்ணில் படுகிற மட்டமான டிசைனைப் படம் பிடித்து அதில் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் அறையே சேர்ந்து “ஐயோ!” என்று கத்தும். பொட்டிபுரத்துச் சடங்கு ஃப்ளெக்ஸ் ஒன்றில் தாய்மாமன்கள் புலிமேல் வருவார்கள். ஐயோ! செத்தவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிய அஞ்சலிப் போஸ்டர். ஐயோ! இவற்றில் பாதி தன் அண்ணன் கடைச் சரக்கு என்று பவதாரணிக்குத் தெரியும். முதல் வருஷம் வாயை மட்டும் அசைத்தாள். இரண்டாம் வருஷம் சத்தம் வந்தது. மூன்றாம் வருஷம் அவளுக்கே அவை கண்ணைக் குத்தின. நியாயமாகச் சொன்னால் அவை கண்ணைக் குத்தக்கூடியவைதான். ராமர் கண்டுகொள்ளப்படாத மகா கலைஞன் என்றெல்லாம் நான் கண்ணைக் கசக்கப் போவதில்லை.

ஒரு நாள் சூர்யபிரகாஷ் ஒரு பாக்கெட்டை எடுத்துவந்து சுவரில் ஒட்டினான்.

“புதுக் கிளையன்ட் மாப்ளே! மகாராஜன் ஏலக்காய்!”

ஐயோ! என்றது அறை. எட்டு வயதுப் பவதாரணி சுவரில் பல்லில்லாமல் சிரித்தாள். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இருபது வயதுக்காரிக்குத் தெரிந்தது. அவளும் கூடச் சேர்ந்து கத்தினாள்.

[இங்கே அவள் “ஏய், அது நான்தான், செஞ்சது எங்கண்ணே” என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வைத்தும் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள், சாரி கேட்டார்கள், வேறு கிளையன்ட்டைத் தேடிப் போனார்கள். கதை அரைப் பக்கத்தில் முடிந்து எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள்.]

[அது அண்ணன் செய்த லேபிள் என்றே அவளுக்குத் தெரியாது என்று எழுதினால் அவளுக்கு நல்ல பெயராவது மிஞ்சும். ஆனால் ஒருத்திக்குத் தன் முகம் தெரியாதா? ஸ்டிக்கரை உரித்து அந்த வழியை நானே அடைத்துவிட்டேன்.]

4

புதியதைக் காட்டுமுன் பழையதன் குறைகளை எடுத்துச் சொல்ல வேண்டும். அது ஸ்டூடியோவில் கற்றுக்கொண்ட தொழில்முறை. நன்றாகப் பேசுகிறவள் என்று பவதாரணியைத்தான் நிறுத்தினார்கள். எதிரே மகாராஜன், வெள்ளை வேட்டியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்காக சூர்யபிரகாஷ் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். திரையில் சுவர் அகலத்துக்கு அந்தச் சிறுமி.

“மொதல்ல, இந்தப் பொண்ணு யாரு சார்? எதுக்குச் சிரிக்குது? வாயில பல்லக்கூடக் காணோம். இதப் பாத்துட்டு யாராச்சும் பாயாசத்துக்கு ஏலக்கா வாங்குவாகளா?”

அறை அதிரச் சிரிப்பு. ‘யாரு’ என்ற கேள்வி எழுதி வைத்தது. பல் விஷயம் அந்த நேரத்தில் வாயில் வந்தது. கேலி செய்வது தன்னைத்தானே, இதில் யாருக்கு என்ன என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்ததும் அது இனித்தது, இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிப் போட்டாள்.

“அதானே!” என்று மகாராஜன் தொடையைத் தட்டினார். “இத்தன வருசமா எனக்குத் தோணலையே பாப்பா! இது நம்ம ராமரு செஞ்சது. நல்ல பயதான், ஆனா அவ்வளவுதான் அவனுக்கு வரும். இனிமே பையி, காலண்டரு எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க.”

எல்லாத்தையும். கடை வாடகையும் அதில்தான் என்பது பவதாரணிக்கு உறைத்தது. வாயைத் திறந்தாள்.

“தேங்க்யூ சார்” என்று வந்தது.

[இந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டு வேறு எழுதப் பலமுறை பார்த்தேன். அவள் மேல் எனக்கு இரக்கமே வரக் கூடாது என்பதுபோல அதே இரண்டு வார்த்தைதான் வருகிறது.]

5

பழைய லேபிளில் லைசென்ஸ் எண், முத்திரை, விலாசம் எல்லாம் இருந்தன. அவற்றுக்காகப் பழைய டிசைனரிடம் ஓப்பன் ஃபைல் கேட்டு வாங்க வேண்டும், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல். எந்தக் கடைக்காரனும் அதை லேசில் கொடுக்க மாட்டான். கொடுத்துவிட்டால் அந்த வாடிக்கையைத் தலைமுழுகியாயிற்று என்று அர்த்தம்.

“பவா, நீ பேசினா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாக. நீயே போயிட்டு வந்துரு” என்றான் சூர்யபிரகாஷ்.

ராமர் கடையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

“என்னண்ணே?”

“மொதலாளி போன் பண்ணாருத்தா. யாரோ காலேஜ் பிள்ளைக செய்யுதாம். ஃபைலக் குடுத்துருன்னாரு.”

“நாங்கதாண்ணே.”

ராமர் நிமிர்ந்து பார்த்தான். ஏச்சு வரும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவனோ எழுந்து நின்று சிரித்தான்.

“நீயா? அட லூசு, மொதல்லயே சொல்ல வேண்டியதுதான! நேத்துலருந்து எனக்குச் சோறு எறங்கல. அப்ப நம்ம கைய விட்டுப் போகல!”

விளக்கைப் போட்டான், எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து டீயும் வடையும் வரவழைத்தான். ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டே கேட்டான்.

“பழசப் பத்தி ஏதும் சொன்னாகளாத்தா?”

“நல்லாருக்குன்னாகண்ணே. காலத்துக்கு ஏத்தாப்புல கொஞ்சம் மாத்தணும்னாக. அம்புட்டுத்தான்.”

“லேபிளுக்கு எடுத்த ஒம் போட்டோவையும் இதுல போட்ருக்கேன். இது நான்தான்னு ஒங்க சார்ட்ட காட்டு. அசந்துருவாரு.”*

*(பல் விழுந்த வாயைத் திறக்க மாட்டேன் என்று அன்று அழுதிருக்கிறாள். ராமர் ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குரங்குச் சேட்டை செய்து சிரிக்க வைத்தான். அந்தப் பொண்ணு எதுக்குச் சிரிக்குது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். போடியில் இரண்டே பேருக்குத் தெரிந்த பதில்.)

அவள் வடையைத் தின்று முடித்தாள். தொண்டையில் நின்றது என்று எழுதினேன், அடித்துவிட்டேன். நன்றாகத்தான் இறங்கியது.

6

பழைய பாக்கெட்டுகள் மகாராஜன் குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தூக்கிப் போட மனசு வருமா? அவற்றின் மேலேயே புது லேபிளை ஸ்டிக்கராக அடித்து ஒட்டிவிடலாம் என்று அவருக்கு யோசனை வந்தது. அச்சடிக்கக் கல்லூரியில் வசதி இல்லை. ராமர் கடைக்கு வந்தார். வந்தவர் சும்மா போகாமல் செல்போனை நீட்டினார்.

“பாரு ராமரு, ஒரு பிள்ள என்னமாப் பேசுது பாரு! ஒன் லேபிளப் பிரிச்சு மேஞ்சிட்டா. கோவிச்சுக்கிறாத, நீயும் கத்துக்கிறணும்ல.”

அவள் யார் என்பது அவருக்குத் தெரியாது. ராமர் கடைசிவரை பார்த்தான். சிரிப்பு, கைதட்டல், “தேங்க்யூ சார்” வரைக்கும்.

“நல்லாப் பேசுது மொதலாளி” என்றான். ஸ்டிக்கர் சோலியை ஏற்றுக்கொண்டான்.

7

மறுநாள் ஸ்டிக்கர் ஃபைலை எடுத்துக்கொண்டு பவதாரணி கடைக்குப் போனாள். ராமர் எழுந்து நின்றான்.

“வாங்க.”

கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தாள். “என்னண்ணே புதுசா?”

“ஒக்காருங்க. ஃபைலு கொண்டாந்திருக்கீங்களா?”

பென்டிரைவை வாங்கினான், சரிபார்க்க ஒரு ப்ரூஃப் அடித்தான், பழைய பாக்கெட் ஒன்றின் மேல் வைத்துக் காட்டினான். சிறுமியின் நெற்றி மறைந்தது, கண் மறைந்தது, சிரிப்பு மறைந்தது. அடியில் ரிப்பன் நுனி இரண்டும் மறையவில்லை. அளவு அரை இஞ்சு குறைச்சல். இருவருக்கும் அது கண்ணில் பட்டது. போன வாரம் என்றால் “ஏய் லூசு, அளவப் பாத்து வைக்க மாட்டியா” என்று தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

“பாத்துக்கங்க. ஓகேன்னா இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. ஓகே சொன்னபெறகு தப்பிருந்தா கடை பொறுப்பில்ல.”

வருகிற எல்லோரிடமும் அவன் சொல்கிற வாசகம். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

“அண்ணே, அன்னைக்கு நான் —”

“கரெக்‌ஷன் இருந்தா சொல்லுங்க, மாத்திருவோம்.”

8

முடிவு அ: ராமர் குரல் உடைந்து, “எதுக்குச் சிரிக்குதுன்னு ஒனக்குத் தெரியாதாத்தா?” என்று கேட்கிறான். எழுதி, அடித்துவிட்டேன். அவன் கேட்டுவிட்டால் பாதி மன்னித்த மாதிரி. என் ராமர் அவ்வளவு லேசில் மன்னிப்பவன் இல்லை.

முடிவு ஆ: அவள் ப்ரூஃபைக் கிழித்துப் போடுகிறாள். மகாராஜன் அடுத்த கடைக்குப் போகிறார். அண்ணனுக்கு இருந்த ஸ்டிக்கர் சோலியும் போயிற்று. இதனால் யாருக்கு லாபம்?

முடிவு இ: சென்னையில் நேர்முகத் தேர்வு. இந்த லேபிளைக் காட்டுகிறாள். “கிளையன்ட்டோட வேலை செஞ்சதுல என்ன கத்துக்கிட்டீங்க?” என்று கேட்கிறார்கள். அழகாகப் பதில் சொல்கிறாள், வேலை கிடைக்கிறது. நடக்கக்கூடியது இதுதான். எழுதத்தான் எனக்கு மனசில்லை.

கையில் இருக்கிற சாட்சியை வைத்துப் பேசுவோம். பாக்கெட் என் கைக்கு வந்திருக்கிறது, ஆகவே அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ரிப்பன் வெளியே தெரிந்தது, ஆகவே கரெக்‌ஷன் சொல்லவில்லை. ‘ங்க’ போட்டுப் பேசுகிற அண்ணனிடம் வாய் எழும்பாமல் விட்டாளா? இல்லை, அந்தச் சிறுமி அரை இஞ்சாவது வெளியே இருக்கட்டும் என்று விட்டாளா? நான் எழுதியவள்தான், ஆனாலும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டு என்ன செய்ய?

இதற்கு மேல் ஒரே ஒரு காட்சி என்னிடம் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு நிற்கிறாள், நகரவில்லை. ராமர் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக் கேட்கிறான்.

“அடுத்து யாருங்க?”

வாசலில் யாரும் இல்லை. உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் வேண்டுமானால் போங்கள்.