‘ம’ படுத்திய பாடு

காலையிலிருந்து ஒரே எழுத்துதான். பலகையில் பெரிதாக ‘ம’ எழுதி, பக்கத்தில் ஒரு மரம் வரைந்து, தொண்டை கட்டுமளவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் மழலை வகுப்பு டீச்சர்.

மரத்தை அழித்துவிட்டு, “இது என்ன எழுத்து?” என்று கேட்டாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எழுத்தை அழித்துவிட்டு மரத்தை மட்டும் வரைந்தாள். “ம” என்று கூரை அதிரக் கத்தினார்கள். ஆக, மரம்தான் ‘ம’. எழுத்து சும்மா அதற்குத் துணைக்கு நின்றிருக்கிறது.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. படங்களைத் தரையில் பரப்பினாள். “ம-னு ஆரம்பிக்கிறது எது? எடுங்க பார்ப்போம்.”

வாயாடி என்றே பெயராகிப்போன முன்வரிசைப் பெண் பூனைப் படத்தை எடுத்தாள்.

“பூனை எப்படிம்மா ம ஆகும்?”

“அது மியாவ்னுதானே டீச்சர் ஆரம்பிக்கும்.”

“எங்க அப்பாவும் ம. மாடியிலதான் தூங்குவாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், ஆளாளுக்கு அவரவர் வீட்டு மாடிக் கதையைத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார்.

“இன்னும் ம-வுலயேவா நிக்கிறீங்க? பக்கத்து வகுப்புல ய-வுக்குப் போயாச்சு.”

“ம்.”

“சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது.”

“ம்ம்.”

“நாளைக்கு நானே வந்து ஒவ்வொருத்தரா கேப்பேன். பார்த்துக்குங்க.”

“ம்ம்ம்.” வாயைத் திறந்தால் ஏடாகூடமாக ஏதாவது வந்துவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள் டீச்சர்.

அவர் போனதும் வாயாடி சொன்னாள்: “டீச்சர், மரம் சொல்லும்போது மூடுற மாதிரியே வாயை மூடினீங்க.”

டீச்சர் அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். “எங்க, நீ மூடு.”

“ம்ம்ம்…”

“அப்படியே திற.”

“ம்ம்…ம.”

“இப்ப பூனைக்கு மூடு.”

மூடினாள். சத்தம் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தாள். “இது ம இல்ல டீச்சர்” என்று மனசில்லாமல் ஒப்புக்கொண்டாள்.

டீச்சர் எழுந்துபோய்ப் பலகையில் மறுபடியும் ‘ம’ எழுதினாள், மரமில்லாமல். வகுப்பு மொத்தமும் உதட்டை மூடி ரீங்காரமிட்டது. அதன் பிறகு நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை.

சாயங்காலம் பையனை வீட்டுக்குக் கூட்டிப்போன ஓர் அம்மா, அவனோடு திரும்பி வந்தார். “என்ன டீச்சர், சாப்பிட்டியான்னா ம்ம்ங்கறான், யாரையாவது அடிச்சியான்னாலும் ம்ம்ங்கறான்?”

“இன்னைக்குப் பாடம் அதாங்க” என்றாள், கரகரத்த குரலில்.

“நாளைக்கு?”

“நாளைக்கும் இதேதான். வாயைத் திறக்கச் சொல்லித்தரணும்.”