தூக்கினால் அலறும் மகாராணி

தையல்காரருக்குத் தன் மகளைப் பற்றி ஏகப் பெருமை. ஒன்றரை வயது, உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை. தையல் மிஷின், துணிமூட்டை, மகள், எல்லாம் அதற்குள்தான். மனைவி வேலைக்குப் போய்த் திரும்பும்வரை மகள் மூச்சு விடமாட்டாள். தூக்கினால் மட்டும் அப்படி ஓர் அலறல்! அதனாலேயே மகாராணி என்று பெயர் வைத்தார்கள்.

"பெத்தா இப்படிப் பெக்கணும்டா! என்னோடது ரெண்டும் வீட்டைத் தலைகீழாக்குதுங்க," என்றாள் அவருடைய அக்கா. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு சங்கடம். மகளுக்குத் தைத்த கால்சட்டை ஒழுங்காக விழவே மாட்டேன் என்றது. முதலில் வெட்டுதான் பிசகிவிட்டது என்று பிரித்தார். அடுத்த தடவை துணியைத் திட்டினார். மூன்றாம் தடவை கால்களின் உள்பக்கத் துணியை வளைத்து வெட்டித் தைக்க, கச்சிதமாகப் பொருந்தியது. இருபது வருஷத் தொழில் சும்மாவா என்று மீசையை முறுக்கிக்கொண்டார்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மா அந்தக் கால்சட்டையைக் கழற்றச் சொன்னார். கால்கள் இரண்டும் வில்லாய் வளைந்திருந்தன, மணிக்கட்டு தடித்திருந்தது. ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார்.

"வைட்டமின் டி ரொம்பக் கம்மி. எலும்புக்குப் பலமே இல்ல. வெயில்ல கொண்டுபோறதே இல்லையா?"

"அவ ரொம்ப சமத்துங்க டாக்டர். தூக்கினாத்தான் கோபம் வரும்."

"கோபம் எங்க வருது? அசைஞ்சா வலிக்குது, அதான் அசையாம இருக்கா. தூக்கினா இன்னும் வலிக்கும்."

வலியையா இத்தனை நாள் மெச்சிக்கொண்டிருந்தோம்? போதாததற்கு அதை அளவெடுத்துத் தைத்து வேறு போட்டேனே பாவி என்று தையல்காரர் பஸ்ஸிலேயே அழுதுவிட்டார்.

சொட்டுமருந்தும் கால்சியமும் ஆரம்பமாயின. மிஷினை வாசல் வெயிலுக்கு இழுத்துப் போட்டார். ஆனால் மகளைத் தொட மட்டும் அவருக்குக் கை வரவில்லை. குளிப்பாட்டுவது, தூக்குவது எல்லாம் மனைவி பாடு.

இரண்டு மாதம் போவதற்குள் மகாராணி தவழ்ந்து வந்து நூல்கண்டுகளை உருட்டிவிட்டாள். வாடிக்கையாளரின் சட்டையைப் புழுதியில் இழுத்தாள்.

"சமத்துக்கு என்னடா ஆச்சு?" என்று அக்கா பதறினாள்.

"அட்டகாசம் தாங்கல அக்கா!" என்று இவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

ஒருநாள் அவருடைய முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றவள், கைகளை மேலே நீட்டி, "ப்பா, தூக்கு," என்றாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"வலிக்கும்டி கண்ணு..."

"தூக்கு!" என்று அதட்டினாள்.

அக்குளில் கை கொடுத்து மெல்லத் தூக்கினார். அவர் தலைக்கு மேலே போன பிறகும், "இன்னும்!" என்றாள்.