ஆட்சேபணை இல்லை

டைலரின் நெற்றிப் பொட்டுக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் அந்தத் தழும்பு வரும்போது மட்டும் சலூன்காரரின் கத்தரிக்கோல் நிதானமாகும். ஏழு வருடமாக அப்படித்தான். தழும்பை உண்டாக்கியவரே அவர்தானே! நாற்காலியில் உட்கார்ந்திருந்த டைலருக்குக் கால் வைத்துக்கொள்ள ஒரு மரப்பெட்டி. நாற்காலியோடு வந்த இரும்புக் கால்தாங்கி, அட்டை கட்டிய வழக்குச் சொத்தாகக் கோர்ட்டில் கிடக்கிறது. ஜாமீனில் விட்டபோது ஒப்படைக்கச் சொன்ன சலூன்காரரின் பாஸ்போர்ட்டும் அதே கட்டடத்தில்தான்.

"இன்னிக்குக் கோர்ட்டுல சொல்லச் சொல்லி வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்கா, டைலரே?"

"ஆட்சேபணை இல்லை. ரெண்டே வார்த்தை. 'நீங்க ரெண்டோட நிறுத்துற ஆளா'ன்னு என் வீட்டுக்காரி சிரிக்கிறா."

சலூன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே மகள், தாயில்லாத பெண். வேலைக்குப் போன வெளிநாட்டில், கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போய், இன்னும் மூன்றே வாரத்தில் அங்கேயே கல்யாணம். விசாவுக்குப் பதினைந்து நாளாவது பிடிக்கும். இன்றைக்குப் பாஸ்போர்ட் கிடைத்தால்தான் உண்டு. "என் பக்கம்னு வந்து நிக்க உன்னை விட்டா யாருப்பா இருக்கா?" என்று போனில் கேட்டாள். பாவி மகள், அதைக்கூட அழாமல்தான் கேட்டாள்.

சண்டை என்னவோ அற்பம். சலூனின் தகரச் சாய்ப்பிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர், பக்கத்துக் கடையில் டைலர் தைத்து மடித்து வைத்திருந்த துணிகளில் இறங்கிவிட்டது. வாய் வார்த்தை முற்றி, செத்துப்போன பெண்டாட்டியை டைலர் இழுத்துப் பேச, கழன்று கிடந்த கால்தாங்கி சலூன்காரர் கைக்கு வந்துவிட்டது. தலையில் போட்ட தையலைப் பிரித்த மறுநாளே டைலர் வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துவிட்டிருந்தார்கள். "இந்தக் கோலத்தோட தெருவுல நடக்க முடியல. மறுபக்கத்தையும் சரி பண்ணிவிடு" என்றார். அதோடு சண்டை தீர்ந்தது.

வழக்கு தீரவில்லை. இரும்பால் அடித்த கேஸ், நடத்துவது அரசாங்கம், நீங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டால் முடிந்துவிடாது என்றார் வக்கீல். வாய்தாவுக்கு வாய்தா, அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே ஸ்கூட்டரில் போய், டீ குடித்து, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கல்யாணம் என்றதும், வெளுக்கப் போட்ட துணியைக் கேட்பதுபோல இருவரும் கோர்ட் ஜன்னலில் போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். "நாங்க ராசியாயிட்டோம் சார்" என்று டைலர் பல்லைக் காட்ட, "ரொம்ப சந்தோஷம். மனு போடுங்க" என்று கிளார்க் ஜன்னலைச் சாத்தினார்.

அந்த மனுவைத்தான் இன்று பதினொன்றரைக்கு எடுத்தார்கள். ஆள் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று ஒப்பித்துவிட்டு அரசு வக்கீல் உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் அம்மா டைலரைப் பார்த்தார்.

"இவர் வெளிநாடு போறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"ஆட்சேபணை இல்லைங்கம்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சனியன், வாய் நின்றால்தானே! "அவரு தங்கமான மனுஷன்மா. என்னை அடிக்கவே இல்ல. ஈரத் தரையில நானாத்தான் வழுக்கி விழுந்தேன்."

மாஜிஸ்திரேட் அம்மாவின் பேனா நின்றது. "அப்போ நீங்க போலீஸ்ல கொடுத்தது பொய்ப் புகாரா? அது தனிக் குற்றம், தெரியுமா?"

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். டைலரின் முகம் வெளுத்து, தழும்பு மட்டும் தனியாகத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் தனக்கு நல்லது என்பது சலூன்காரருக்கும் புரிந்தது. அடிக்கவே இல்லை என்றால் வழக்கே ஆட்டம் காணும், பாஸ்போர்ட் வரும், மகள் பக்கத்தில் போய் நிற்கலாம். இந்த மடையன் மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே, ஒரு பக்கம் மட்டும் மழித்த அந்தத் தலையும் வந்து தொலைத்தது.

"நான் அடிச்சேம்மா" என்றார். "கால்தாங்கியால நான்தான் அடிச்சேன். அவரு கொடுத்த புகார் நிஜம். இப்ப எனக்காகப் பொய் சொல்றாரு. அவரை விட்டுடுங்க."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபோது எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. மாஜிஸ்திரேட் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ எழுதினார். "மூணு மணிக்கு உத்தரவு" என்றார்.

இருவரும் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.

"நீ ஏன்யா வாயைத் திறந்தே?" என்றார் டைலர்.

"நீ மூடியிருந்தா நான் ஏன் திறக்கப் போறேன்?"

டைலருக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணத்துக்கென்று தைத்த கோட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு கையின் ஓரம் மட்டும் மடித்துத் தைக்க வேண்டியது பாக்கி.

"போட்டுக்கோ, அளவு பாப்போம்."

"இப்ப எதுக்கு?"

"போட்டுக்கோங்கறேன்ல."

டைலருக்குக் கண் கலங்கியிருந்ததால் நூல் ஊசியில் நுழையவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டு, சலூன்காரரே வாங்கிக் கோத்துக் கொடுத்தார். பாதி ஓரம் தைத்திருக்கும்போது மணி மூன்றாகி, டவாலி வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சலூன்காரர் போட்டிருந்த கோட்டோடு எழுந்து உள்ளே நடந்தார். நூலை அறுக்க நேரமில்லை. ஊசியைக் கையில் பிடித்தபடி, நூல் எட்டுகிற தூரத்தில், டைலரும் பின்னாலேயே போனார்.