இருபத்திரண்டு மணித்தியாலம்

புஷ்பராஜ் இஸ்திரிப் பெட்டியை ரஜனியின் முன்கையில் வைத்து அழுத்தியபோது பின்னேரம் நாலு மணி. மூன்று தடவை போன் எடுத்தும் அவள் பதில் சொல்லவில்லை என்பதுதான் அன்றைய குற்றம். கொட்டாஞ்சேனையில் அவர்களுக்கு ஒற்றை அறை வீடு, ஓடுவதற்கு இடமில்லை. தோல் வெந்த மணம் வந்தது. தலைமயிரைப் பிடித்து மறுபடியும் கிட்ட இழுத்தான். மூட்டை தூக்கிப் பழகிய கை. கீழே தடவியவளுக்கு அம்மிக்குழவி அகப்பட, அதை அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். அவன் குப்புறச் சரிந்தான். நெற்றி தையல் மெஷினின் இரும்பு விளிம்பில் மோதி, தலை பின்னால் மடிந்தது.

விழுந்தவன் எழும்பவில்லை. கொன்றுபோடுவேன் என்று வாய் மட்டும் கத்தியது. பிறகு, கை கால் அசையவில்லை என்றான். ரஜனி நம்பவில்லை. கிட்டப் போனால் பிடித்துக்கொள்வான் என்று பயந்து, கதவை வெளியே பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டு ஹப்ஸாவிடம் போய்ப் படுத்தாள். காலையில் வெள்ளவத்தையில் தான் வேலை செய்யும் புடவைக்கடைக்கும் போனாள். மத்தியானத்துக்குள் மனம் பொறுக்காமல் திரும்பி வந்து திறந்தபோது, அவன் அதே இடத்தில் மூத்திரத்தில் ஊறிக் கிடந்தான். ஹப்ஸாவின் கணவர் இப்றாஹிம் அம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகு டொக்டர் ஆதிபா இருவருக்கும் விளக்கினார். கழுத்தெலும்பு உடைந்து, அந்தத் துண்டுகள் முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தன. முந்தியென்றால் வீக்கம் வடியட்டும் என்று நாட்கணக்கில் காத்திருப்பார்களாம். ஒரு நாளைக்குள் வெட்டி அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டால் கை கால் திரும்பி வருகிற வாய்ப்புக் கூட என்று இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றனவாம். எப்போது விழுந்தது என்று கேட்டார்.

இன்று காலை பத்து மணிக்குப் பாத்ரூமில் வழுக்கினேன் என்றான் புஷ்பராஜ். பெண்டாட்டி அடித்து விழுந்ததாகச் சொல்ல அவனால் முடியவில்லை. அப்படியென்றால் நேரம் இருக்கிறது, பஸ் விபத்தில் வந்தவரை முதலில் எடுக்கிறோம் என்று டொக்டர் திரும்பினார்.

ரஜனி பேசாமல் இருந்தால் போதும். அந்தக் கைகள் இனி அவளைத் தொடாது. பொலிஸும் வராது. அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“டொக்டர், நேத்து பின்னேரம் நாலு மணி. நான்தான் அடிச்சேன். உள்ள வச்சுப் பூட்டிட்டும் போயிட்டேன்.”

“பொய் சொல்றா,” என்றான் அவன்.

ஆதிபா அவள் முன்கையில் கொப்பளித்திருந்த முக்கோணத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். இருபத்திரண்டு மணித்தியாலம். உடனே தியேட்டருக்குப் போன் எடுத்து வரிசையை மாற்றச் சொன்னார். கழுத்தின் முன்பக்கத்தைக் கிழித்து, எலும்பைத் துளைத்து, துண்டுகளைச் சுரண்டி எடுத்து, தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். ஆஸ்பத்திரிப் பொலிஸ் கேட்டபோதும் வழுக்கி விழுந்தேன் என்றே புஷ்பராஜ் சாதித்தான்.

ஒப்பரேஷன் முடிந்து ஆறாவது கிழமை அவன் நடைபழகும் சட்டத்தைப் பிடித்து நாலடி நடந்தான். வலது கையிலும் பலம் வந்தது. பயிற்சி கொடுக்கிற ஜீவராஜ், மனைவியின் விரல்களைப் பிடித்து இறுக்கிப் பார்க்கச் சொன்னார். புஷ்பராஜ் இறுக்கினான். எலும்பு நெரிபடும்வரை விடவில்லை.

“கை முழுசா வரட்டும். அப்புறம் இருக்கு உனக்கு,” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ரஜனி அவன் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தாள். அவன் அலறிக்கொண்டு கையை விட்டான். நல்லாப் பிடிக்கிறார் என்று ஜீவராஜிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தக் கை பிழைத்ததில் அவளுக்கு வருத்தம் இல்லை. அது தன்னைத் தேடி வரும் என்பதும் தெரிந்தது. நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சட்டைக் கையை உயர்த்திக் காட்டி, தெரிந்த சிங்களத்தில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், தான் அடித்ததையும் சேர்த்து. அடுத்த கிழமை பாமன்கடைப் பக்கம் அவள் தனியாக வாடகைக்கு எடுத்த அறைக்குத் தையல் மெஷினைக் கொண்டுபோக இப்றாஹிம் ஒரு கை பிடித்தார்.