லோத்தரின் பங்கு

லோத்தர் என் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டான். சரளைப் பாதையில் டயர் கல்லு மாதிரி இருந்தால் கை மரத்துப்போகும், வளைவில் சறுக்கும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வதை இன்றும் சொன்னான். நானும் முதல் முறை கேட்பவள்போலத் தலையாட்டினேன். வளைந்த கைப்பிடியும் தடித்த டயரும் கொண்ட இந்தக் கிராவல் சைக்கிளின் மீது எனக்கு எந்த ஆசையும் கிடையாது. முதுகு வலிக்கிறது, உட்காரும் இடம் அதைவிட வலிக்கிறது. கணவனைக் காவல் காப்பதற்காகச் சைக்கிள் வாங்கியவள் ஜெர்மனியின் இந்த ஃபால்ஸ் நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வருடம் குளிர்காலம் முழுக்க லோத்தர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்தான். குடியை நிறுத்துவதற்கான மருத்துவமனை. ஊரில் இடுப்புவலிக்கு வைத்தியம் என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்வது? கூட்டுறவுச் சங்கத்து ஒயின் நிலவறையில் அவன்தான் தலைமை ஆள். எங்கள் ஊரில் தேவாலயத்துக்குப் போகாதவன் உண்டு, வரி கட்டாதவன் உண்டு, ஒயினோடு சம்பந்தமில்லாதவன் கிடையாது. திரும்பி வந்தவன் நிலவறை வேலையை விட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டப் போனான். அதற்கும் இடுப்பையே காரணமாகச் சொன்னேன். டிராக்டரில் நாள் முழுக்கக் குலுங்குவது இடுப்புக்கு நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. சாயங்கால நேரத்தைத்தான் எப்படியாவது நிரப்ப வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் சைக்கிளால் நிரப்பினான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூடப் படித்த எகோன், தபால்காரன், சனிக்கிழமைக் குழுவில் இவனையும் சேர்த்துக்கொண்டான். எகோன் குழு என்றால் மலை மேலே காட்டுக் குடிலில் முடியும். குடில் என்றால் ஷோர்லே. அரை லிட்டர் கண்ணாடி டம்ளர் நிறைய ரீஸ்லிங் வெள்ளை ஒயின், மேலே கொஞ்சம் சோடா. மேசைக்கு ஒரே டம்ளர்தான். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தில் தள்ள வேண்டும். தெரியாதவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாலும் டம்ளர் அவரிடமும் போகும். அது யார் முன்னாலும் நிற்கக் கூடாது. வாங்காமல் விடுபவனை எங்கள் பக்கத்தில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் நான் சைக்கிள் வாங்கினேன். எப்போதும் லோத்தருக்குப் பக்கத்திலேயே உட்காருவேன். டம்ளர் அவனிடம் வருவதற்குள் கையை நீட்டி வாங்கி, "மாத்திரை சாப்பிடுறார், அவர் பங்கும் எனக்குத்தான்" என்று இரண்டு வாயாகக் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். மேசை சிரிக்கும். ஒரு வருடமாக இப்படித்தான் அவனைக் காப்பாற்றி வருகிறேன்.

தோட்டங்களுக்கு நடுவே கிளம்பினோம். அறுவடை பாதி முடிந்திருந்தது. குலை எடுத்த வரிசைகள் மஞ்சளடித்துக் கிடந்தன. எடுக்காத வரிசைகளின் மேல் அறுவடை இயந்திரம் கால் அகட்டி நின்றுகொண்டு கொடிகளை உலுக்கியது. சிமெண்டுப் பாதையில் சிந்திய பழச்சக்கை டயரில் ஒட்டி வழுக்கியது. குளவிகள் மொய்த்தன. வேகமாகப் போனால் ஊரிலிருந்து வரும், ஒயின் புளிக்கும் வாசனையிலிருந்து லோத்தரைச் சீக்கிரம் கடத்திவிடலாம் என்று நான் முன்னால் மிதித்தேன். இந்த மாதத்தில் ஒவ்வொரு வீட்டு நிலவறைச் சன்னலும் அந்த வாசனையைத்தான் விடும்.

"பாரு, பாரு, இடுப்பு வலிக்காரன் மேட்ல எப்படிப் பறக்குறான்னு!" என்று எகோன் பின்னாலிருந்து கத்தினான். "எனக்கும் அந்த வைத்தியத்துக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுடா!"

"உனக்கு இடுப்பு எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கணும்டா" என்றான் லோத்தர்.

தோட்டம் முடியும் இடத்தில் செஸ்நட் மரங்கள் தொடங்குகின்றன. அங்கிருந்து பாதை செம்மண்ணும் உடைந்த மணற்கல்லுமாகக் காட்டுக்குள் ஏறும். கியரைச் சின்னப் பல்லுக்கு மாற்றி, பின்சக்கரம் சறுக்காமல் சீட்டிலேயே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். எழுந்து நின்றால் சக்கரம் சும்மா சுற்றும். மூச்சு இரைத்தது. இன்னும் கொஞ்சம்தான், மேலே போனதும் முதல் வாய் தொண்டையில் ஜில்லென்று இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஏற்றத்தில் வேறு எதை நினைப்பது? அந்த நினைப்பிலேயே தரையைப் பார்க்காமல் உதிர்ந்து கிடந்த ஒரு செஸ்நட் முள்காயின் மேல் ஏற்றிவிட்டேன். காற்று இறங்கும் சத்தம் நன்றாகவே கேட்டது.

மற்றவர்கள் ட்யூப் இல்லாத டயருக்கு மாறிவிட்டார்கள். உள்ளே ஊற்றியிருக்கும் பசை மாதிரியான திரவம் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். நான்தான் வேண்டாம் என்று பழைய ட்யூபையே வைத்திருந்தேன். "நீங்க போங்கடா, நாங்க வந்துடுறோம்" என்று லோத்தர் சொல்ல, எகோனும் குழுவும் வளைவில் மறைந்தார்கள். லோத்தர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினான். நிலவறையில் பெரிய குழாய்களைப் பூட்டிக் கழற்றிய கை. டயரின் உட்புறத்தில் விரலை ஓட்டி முள்ளைத் தேடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"துணி துவைக்கிற ரூம்ல, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால பாட்டில் இருக்கு, டோரிஸ்."

வீட்டில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது என்று நான்தான் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தேன். இந்த ஒயின் சமையலுக்கு. முட்டைக்கோஸ் வேகும்போது ஒரு கரண்டி ஊற்றாவிட்டால் அது முட்டைக்கோஸே இல்லை. அவன் கண்ணில் படக் கூடாது என்றுதான் அங்கே வைத்தேன். அவன் துணி துவைக்கும் ரகம் கிடையாதே.

"தொட்டியா?" என்றேன். "உண்மையச் சொல்லு. குடிச்சியா?"

"இல்ல."

"லோத்தர், என் முகத்தப் பாத்துச் சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பொய் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடம் பார்த்திருக்கிறேன். இது அந்த முகம் இல்லை.

"நான் தொடல. ஆனா நான் பாக்குறப்பல்லாம் அது வேற பாட்டிலா இருக்கு" என்றான். "போன வாரம் நீலத் தாள் ஒட்டினது. இப்ப பச்சை. நம்ம வீட்ல அவ்வளவு முட்டைக்கோஸ் வேகல."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார் யாரைச் சொல்வது! ராத்திரி எத்தனை முறை இவனைச் செருப்போடு படுக்கையில் கிடத்தியிருப்பேன், இவனுக்காக எத்தனை பேரிடம் எத்தனை பொய் சொல்லியிருப்பேன். நான் என்ன தள்ளாடினேனா, வேலைக்குப் போகாமல் கிடந்தேனா? பள்ளிச் சமையலறையில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. ஒரு டம்ளர். பகல் முழுக்கக் காவல் காப்பவளுக்கு ராத்திரி ஒரு டம்ளர். ஊரில் எல்லோரும் குடிக்கிறார்கள், யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. இதையெல்லாம் சொன்னேன். உரக்கவே சொன்னேன். மேலே எங்கேயோ ஒரு மரங்கொத்தி தட்டுவதை நிறுத்தியது.

அவன் முள்ளைக் கண்டுபிடித்து நகத்தால் பிடுங்கிப் போட்டான். புது ட்யூபை உள்ளே செருகி, டயரின் விளிம்பை விரல்களாலேயே ஏற்றி, காற்றடித்து, மறுபடி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"நானும் முதல்ல நிலவறைல குழாய்க்குப் பின்னாலதான் வெச்சேன்" என்றான். "சமையலுக்குன்னு சொல்லத் தோணல. அது நல்ல யோசனை."

கிண்டலா என்று பார்த்தேன். கிண்டல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சைக்கிளில் ஏறி, அவனுக்குக் காத்திராமல் மிதித்தேன். பைன் மரங்களுக்கு நடுவே பாதை சமமாகி, சரளை பொடியாகி, சக்கரங்கள் மெல்ல இரைந்தன. மற்ற நாட்களில் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். இன்று அவன் சக்கரத்தின் சத்தம் பின்னாலேயே, முந்தாமல், வந்துகொண்டே இருந்தது. காவலுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா.

குடிலின் வெளியே நீள மேசைகள் நிரம்பியிருந்தன. ஈரல் உருண்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் மணத்தன. எகோன் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். எதிரே எங்களுக்குத் தெரியாத ஒரு பெண், மடியில் ஒரு குட்டை நாயோடு. லோத்தர் உட்கார்ந்தான். நான் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டம்ளர் மேசையின் அந்தக் கோடியிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. எகோன் குடித்துவிட்டு லோத்தர் பக்கம் தள்ளினான். நான் கையை நீட்டினேன். என் கை எட்டுவதற்குள் லோத்தர் தன் உள்ளங்கையை டம்ளரின் வாய்மேல் வைத்தான்.

"எனக்கு வேண்டாம்" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மேசை முழுக்கக் கேட்டது. "மாத்திரையும் இல்ல, இடுப்பும் இல்ல. நான் குடிகாரன். நிறுத்திட்டேன். இனிமே என் பங்குன்னு ஒண்ணு கிடையாது."

எனக்குக் காது சுட்டது. ஒரு வருடம் கட்டிக் காத்ததை ஒரு மூச்சில் போட்டு உடைத்துவிட்டான். நாளைக்கே ஊர் பேசும், சங்கத்தில் பேசுவார்கள், ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள்.

எகோன் மூக்கைச் சொறிந்தான். "தெரியும்டா" என்றான். "ஊருக்கே தெரியும். அந்த ஆஸ்பத்திரிக்குத் தபால் கொண்டு போறவன் என் மச்சான். டோரிஸ் இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறாளே, அவ மனசு நோகக் கூடாதுன்னுதான் சும்மா இருந்தோம்."

நாய்க்காரப் பெண் தன் ஆப்பிள் சாறு பாட்டிலை லோத்தர் முன்னால் நகர்த்தினாள். அவ்வளவுதான். யாரோ கடுகு கேட்டார்கள். யாரோ சக்கரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் அத்தனை நாள் பயந்த காரியம், ஒரு தட்டு கைமாறும் நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது.

"அப்ப டம்ளர நகத்துடா, நிக்கக் கூடாது" என்றான் எகோன். லோத்தர் உள்ளங்கையை எடுத்து, டம்ளரை என் முன்னால் தள்ளினான். "இது டோரிஸோடது. அவ பங்கு மட்டும்."

பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வெளிப்பக்கத்தில், எண்ணெய்க் கையிலும் நழுவாமல் இருக்க, வட்ட வட்டமாகக் குழிகள் வைத்த டம்ளர். அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் ஏறி மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ள வேண்டியதுதான். ஒரு வாய் எவ்வளவு என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் கையை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். லோத்தர் என்னைப் பார்க்காமல் ஆப்பிள் சாறு பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். என் விரல்கள் ஐந்தும் ஐந்து குழிகளில் போய்ப் பொருந்தியிருந்தன. மேசையில் பேச்சு மெல்ல அடங்கியது. டம்ளர் என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.